கூரையிலிருந்து இறங்கிய தூசி

2019 ஏப்ரல் 15, குருத்து ஞாயிறுக்கு மறுநாள். பாரிஸ் மாநகரின் நோத்ர் தாம் பேராலயம் தீப்பற்றி எரிந்த அந்த மாலையில், கூர்ங்கோபுரம் சரிந்த காட்சியைக் கண்டு கலங்காத கத்தோலிக்க உள்ளம் உண்டோ? ஆனால் தீ அணைந்த பின்னும் அந்நகர மக்கள்மீது ஓசையின்றி இறங்கிக்கொண்டிருந்த ஒன்றை நாம் காணவில்லை.

பேராலயத்தின் கூரையும் கோபுரமும் காரீயத் தகடுகளால் வேயப்பட்டிருந்தன. அவற்றின் எடை 400 டன்னுக்கும் மேல். நாம் பாத்திரங்களுக்குப் பூசும் வெள்ளீயம் வேறு, இக்காரீயம் வேறு. இது 327 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்திலேயே உருகிவிடும். பழமையான ஓக் மர உத்திரங்கள் எரிந்த வெப்பமோ அதனினும் மிகுதி. காரீயம் உருகி வழிந்தது. அதில் ஒரு பகுதி நுண்துகளாகி, மஞ்சள் நிறப் புகையோடு வானில் ஏறிற்று.

ஏறியது எவ்வாறு இறங்கும்? பருமனான துகள் தன் கனத்தாலேயே அருகில் விழும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள காரீயத் துகள், அசைவற்ற காற்றில் ஓராள் உயரம் இறங்க ஏறத்தாழ ஒரு நிமிடம் போதும். ஆயிரத்தில் ஒரு பங்காயின் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். அதனினும் நுண்ணியவை நாட்கணக்கில் மிதந்து, நெடுந்தொலைவு சென்று, மழையில் அகப்பட்டோ சுவரிலும் இலையிலும் ஒட்டியோதான் ஓயும்.

ஓய்ந்த பின்னும் காரீயம் மட்கி மறைவதில்லை. சன்னல் விளிம்பிலும் விளையாட்டுத் திடலிலும் தங்கி, தவழும் குழந்தையின் கையில் ஒட்டி, கையிலிருந்து வாய்க்குச் செல்கிறது. வளரும் மூளைக்கு ஊறு விளைவிக்கிறது. தீங்கற்றதென்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். எனவே பாரிஸில் சுற்றுப்புறப் பள்ளிகள் தூய்மை செய்யப்பட்டன. குழந்தைகளின் இரத்தம் சோதிக்கப்பட்டது. எச்சரிக்கை காலந்தாழ்ந்து வந்ததெனப் பெற்றோர் வருந்தினர். பணியாளர்களின் பாதுகாப்பை முன்னிட்டு, அவ்வாண்டு ஜூலை இறுதியில் பேராலயப் பணியே சில வாரங்கள் நிறுத்தப்பட்டது.

அந்நிறுத்தம் நமக்கு ஒரு மறையுரை. இறைவனின் இல்லத்தை எழுப்பும் ஆர்வம் நன்றே. ஆயினும் அதை எழுப்பும் தொழிலாளியின் உடலும், அதன் நிழலில் விளையாடும் குழந்தையும் இறைவனின் இல்லங்கள் அல்லவா? 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டபோது நாம் மகிழ்ந்தோம். மீண்டும் காரீயமே வேயப்பட்டது குறித்து எழுந்த எதிர்ப்புக் குரலையும் நாம் செவிமடுத்தல் தகும்.

நம் நாட்டில் பெட்ரோலில் காரீயம் கலப்பது 2000-ஆம் ஆண்டில் நின்றது. ஆயினும் பழைய வண்ணப்பூச்சு உதிரும் வீடுகள் நம்மிடையே உள்ளன. பாரிஸ் குடும்பங்களுக்குக் கூறப்பட்ட எளிய அறிவுரை நமக்கும் ஏற்றதே: தூசியை ஈரத்துணியால் துடையுங்கள், குழந்தைகளின் கைகளை அடிக்கடி கழுவுங்கள். உலர்ந்த துடைப்பம் இறங்கிய தூசியை மீண்டும் எழுப்பிவிடும். செபமாலை சொல்ல அமரும் தரையை ஈரத்துணியால் துடைக்கும் தாயின் பணியும் ஒரு செபமே.