'லெற்' என்றால் விடுவதா, தடுப்பதா?

'அனுமதி' என்னும் ஒரு சொல்லால் நாம் தமிழிலே கூறிவிடும் கருத்துக்கு ஆங்கிலத்திற் பல சொற்கள் வழங்குகின்றன. 'லெற்', 'பேர்மிற்', 'அலவ்', 'லீவ்', 'கன்சென்ற்' என்பன அவற்றுட் சில. இவை யாவும் ஒரே பொருளுடையன என்று மாணவர் பலர் எண்ணிவிடுகின்றனர். அது தவறு. அனுமதி தருபவர் யார், பெறுபவர் யார், இருவருக்கும் இடையேயுள்ள உறவு யாது என்பதை ஒவ்வொரு சொல்லும் வெவ்வேறாக உணர்த்தும்.

முதலில் 'லெற்' என்பதை எடுத்துக்கொள்வோம். தடுக்காமல் விட்டுவிடுதல் என்பதே இதன் பொருள். பிள்ளையை விளையாட விடும் தாய் முத்திரை குத்திய பத்திரம் எதனையும் கொடுப்பதில்லை; வழியை மறிக்காது நிற்கிறாள், அவ்வளவுதான்.

ஆனால், பழைய ஆங்கிலத்திலே 'தடுத்தல்' என்னும் பொருளுடைய வேறொரு வினைச்சொல்லும் இருந்தது. காலப்போக்கில் இரண்டும் 'லெற்' என்ற ஒரே உருவத்தை அடைந்தன. 'ஹம்லெற்' நாடகத்தில், தந்தையின் ஆவியைப் பின்தொடரும் இளவரசனைத் தோழர்கள் பிடித்து நிறுத்த முயலும்போது, அவன் இச்சொல்லைத் தடுத்தல் என்ற பொருளிலேயே ஆளுகின்றான். விடுதலுக்கும் தடுத்தலுக்கும் ஒரே சொல் இருந்தால் மொழி எங்ஙனம் தாங்கும்? பேச்சு வழக்கிலே தடுக்கும் 'லெற்' மறைந்தொழிந்தது. எனினும், பயணியைத் தடையின்றிச் செல்லவிடுமாறு வேண்டும் பிரித்தானியக் கடவுச்சீட்டின் வாசகத்தில் அது இன்றும் வாழ்கின்றது. தென்னிஸ் ஆட்டத்தில் முதலில் அடிக்கப்படும் பந்து வலையில் உராய்ந்து உரிய கட்டத்துள் விழுந்தால் 'லெற்' என்று கூறி மீண்டும் அடிக்கச் செய்வதும் இப்பழைய சொல்லாலேயே.

'பேர்மிற்' இலத்தீனிலிருந்து வந்தது. 'ஊடாகச் செல்ல விடுதல்' என்பது அதன் மூலப்பொருள். விதியும் அதிகாரமும் உள்ள இடத்துக்கே இச்சொல் பெரிதும் உரியது. பஸ் வண்டி ஒரு பாதையில் ஓடுவதற்குப் 'பேர்மிற்' வேண்டும் என்கிறோமன்றோ? பத்திரத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாயின் முதலசையையும், வினைச்சொல்லாயின் இரண்டாம் அசையையும் அழுத்தி உச்சரித்தல் வேண்டும்.

'அலவ்' இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது; வீட்டுக்கும் பொருந்தும், அலுவலகத்துக்கும் பொருந்தும். புகழ்தல், ஒதுக்கி வைத்தல் என்னும் பொருளுடைய இரண்டு இலத்தீன் சொற்கள் பழைய பிரெஞ்சு மொழியிலே ஒன்றாகக் கலந்து பிறந்தது இது. சம்பளத்தோடு ஒதுக்கித் தரப்படும் படியை 'அலவன்ஸ்' என்பதன் காரணம் இப்போது விளங்கும். ஓர் இலக்கண விதியையும் மாணவர் மனத்திற் பதித்தல் நன்று: 'போக அனுமதித்தார்' என எழுதும்போது 'அலவ்', 'பேர்மிற்' இரண்டின்பின்னும் 'போக' என்னும் வினைக்கு முன் 'ரு' என்ற சிறுசொல் வரும்; 'லெற்' என்பதன்பின் வாராது.

'லீவ்' என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது விடுமுறையே. அதன் அடிப்பொருளும் அனுமதிதான். அன்பைக் குறிக்கும் 'லவ்' என்பதற்கு உறவான சொல் இது; 'நீங்கிச் செல்லுதல்' என்னும் வினையாகிய 'லீவ்' வேறு வேரிலிருந்து வந்தது. ஆங்கிலேயர் பிரியும்போது 'லீவ்' எடுத்துக்கொள்வது, போவதற்கு அனுமதி பெறுவதேயாம். நாமும் 'விடைபெறுகிறோம்' என்கிறோம். அங்கே விடை என்பது வினாவுக்குரிய மறுமொழியன்று. போவதற்குப் பெறும் அனுமதியே. கடல் கடந்த இரு மொழிகளும், கேட்காமற் புறப்படுதல் பண்பன்று என்பதை ஒரே வகையாக உணர்ந்திருத்தல் வியப்புக்குரியது.

இறுதியாகக் 'கன்சென்ற்'. 'சேர்ந்து உணர்தல்' என்பது இதன் இலத்தீன் மூலப்பொருள். ஏனைய சொற்களிலே பெரும்பாலும் அனுமதி மேலிருந்து கீழே வருகின்றது. இச்சொல்லிலோ மேல் கீழ் இல்லை. சத்திரசிகிச்சைக்கு முன் வைத்தியசாலையில் ஒப்பமிடுமாறு நீட்டப்படும் பத்திரத்தில் இச்சொல்லே காணப்படும். அங்கே அனுமதி கேட்பவர் கற்றறிந்த வைத்தியர். கொடுக்கவேண்டியவர் படுக்கையிற் கிடக்கும் நோயாளி! உடல் அவருடையதாதலால் உரிமையும் அவருடையது. செய்யப்போவது யாது, அதனால் நேரக்கூடிய தீங்கு யாது என வினவவும், விளங்கிக்கொண்டபின் சம்மதிக்கவும், வேண்டாமெனின் மறுக்கவும் அச்சொல் அவருக்கு இடந்தருகின்றது. வாசியாமலே ஒப்பமிடும் பெற்றோருக்கு இதனை எடுத்துரைக்கக்கூடியவர்கள் ஆங்கிலங் கற்கும் பிள்ளைகளே.

ஆகவே, மாணவர்களே, ஆங்கிலத்திலே அனுமதியைப் பற்றி எழுத நேரும்போது, 'இங்கே கதவருகே நிற்பவர் யார்?' என்று ஒருமுறை சிந்தியுங்கள். வழிவிட்டு நிற்கும் தாயா, முத்திரையோடு அமர்ந்திருக்கும் அதிகாரியா, அன்றி நீங்களேதானா என்பது தெளிந்தால், தக்க சொல் தானே வந்தமையும்.