கிப்லா காட்டும் செயலி நம்மை யாருக்குக் காட்டுகிறது?

தொழுகை நேரம் சொல்லவும் கிப்லா திசை காட்டவும் செல்போனில் ஒரு செயலி வைத்திருக்கிறோம். அதே செயலி நாம் நிற்கும் இடத்தை வேறு எவருக்கோ சொல்லிக் கொண்டிருந்தால்?

கற்பனையல்ல சகோதரர்களே! 2020 நவம்பரில் 'மதர்போர்டு' என்ற செய்தி நிறுவனம் இதை அம்பலப்படுத்தியது. உலகெங்கும் 9 கோடிக்கும் அதிகமான முறை பதிவிறக்கப்பட்ட 'முஸ்லிம் ப்ரோ' செயலியிலிருந்து இருப்பிடத் தகவல்கள் எக்ஸ்-மோடு என்ற தரகு நிறுவனத்திற்குச் சென்றன. அந்தத் தரகரின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவத்தின் ஒப்பந்தக்காரர்களும் இருந்தனர்! ராணுவத்துக்கு நாங்கள் விற்கவில்லை என்று மறுத்த முஸ்லிம் ப்ரோ, எக்ஸ்-மோடுடன் உறவை முறித்துக் கொண்டது. முறித்தது எப்போது? செய்தி வெளியான பிறகு.

கொல்லிமலை பைல் நாட்டுக்கு மிளகு வாங்கப் போகும் நாமக்கல் வியாபாரி ஒருவரை எண்ணிப் பாருங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் யார் நம்மைப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைப்பார். இருப்பிடத்தை அறியச் செயற்கைக்கோள் போதும். செல்போன் கோபுரம் தேவையில்லை. எங்கே நின்றார், எந்த வீட்டில் லுஹர் தொழுதார் என்பதையெல்லாம் குறித்து வைத்து, 70 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கியதும் மொத்தமாக அனுப்பி விட ஒரு செயலியால் முடியும்.

இதற்கு மாற்று உண்டா? உண்டு. செல்போனின் அடித்தளமான இயங்குதளத்தையே மாற்றலாம். 'கிராபீன் ஓஎஸ்' என்பதில் ஒரு செயலிக்கு இணையத்தையே மறுத்து விட முடியும். கிப்லா காட்டட்டும், வெளியே பேச வேண்டாம்! ஆனால் கூகுளின் பிக்ஸல் போன்களுக்காக உருவானது அது. நம்மில் எத்தனை பேரிடம் பிக்ஸல் இருக்கிறது? 'லீனியேஜ் ஓஎஸ்' பழைய போன்களிலும் ஓடும். ஆனால் பெரும்பாலான போன்களில் அதை நிறுவத் திறந்த பூட்டு திறந்தபடியே கிடக்கும். போன் அந்நியர் கைக்குப் போனால் ஆபத்து.

சென்னை ஐ.ஐ.டி.யின் பிரவர்தக் அமைப்பின் ஆதரவில் 2023 ஜனவரியில் 'பார் ஓஎஸ்' அறிமுகமானது. அதுவும் ஆண்ட்ராய்டின் பொது மூலநிரலில் பிறந்ததுதான். திணிக்கப்பட்ட செயலிகள் கிடையாது என்கிறார்கள். நல்லது, வரவேற்போம். ஆனால் சுதேசி முத்திரை குத்தினால் போதுமா? பெகாசஸ் விவகாரத்தில் உச்சநீதிமன்றக் குழு சோதித்த 29 போன்களில் 5-ல் ஏதோவொரு உளவு நிரல் இருந்தது. அது பெகாசஸ்தானா என்று உறுதி செய்ய முடியவில்லை. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு கூறியதை 2022 ஆகஸ்டில் நீதிமன்றமே தெரிவித்தது. அந்த அரசின் அமைச்சர்கள் சோதித்துப் பார்த்துப் பாராட்டினார்கள் என்பதற்காக நாம் நம்பி விட வேண்டுமா? மூலநிரலை முழுமையாகத் திறந்து காட்டுங்கள், சுதந்திரமான வல்லுநர்கள் சோதிக்கட்டும் என்று கேட்பது நம் உரிமை. தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் 9 நீதிபதிகள் தீர்ப்பளித்திருக்கிறார்களே!

பிறர் வீட்டில் அனுமதி பெற்று, ஸலாம் சொல்லி நுழையக் கற்றுத் தருகிறது திருக்குர்ஆன் (24:27). நம் செல்போனுக்குள் நுழைபவர்களுக்கோ, படித்துக்கூடப் பார்க்காமல் 'அனுமதி' என்று அழுத்துகிறோம்.

ஜமாஅத் நிர்வாகிகளே! ஜும்ஆவுக்குப் பின் அரை மணி நேரம் ஒதுக்கி, விவரமறிந்த இளைஞர்களைக் கொண்டு ஒவ்வொருவர் போனிலும் அமைப்புகளைத் திறந்து காட்டச் செய்யுங்கள். தொழுகைச் செயலிக்குத் 'துல்லியமான இருப்பிடம்' தேவையில்லை, தோராயமானது போதும். பள்ளிவாசல் சுவரில் நிரந்தர அட்டவணை தொங்கும்போது அந்தச் செயலியே வேண்டுமா என்பதையும் அங்கேயே பேசி முடிவு செய்யுங்கள்.