ஒரு பிளக்குக்கு இரண்டு முத்திரை!
வாங்கும் முன் பார்க்க வேண்டியது என்ன?

ராசிபுரத்து வீட்டில் எரிகிற விளக்கை, பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் அணைக்கிறான். திருச்செங்கோட்டில் கடையைப் பூட்டும்போதே, வீட்டில் வெந்நீர் காயத் தொடங்கிவிடுகிறது. மந்திரமா? இல்லை. சுவரில் செருகிய ஒரு சின்னப் பிளக் செய்கிற வேலை!

இதற்கு "ஸ்மார்ட் பிளக்" என்று பெயர். கைபேசியில் விரலை வைத்தால் போதும். எங்கிருந்தாலும் மின்சாரத்தைப் போடலாம், நிறுத்தலாம். சேலம், நாமக்கல் பக்கத்துக் கடைகளிலும் கிடைக்கிறது. கைபேசி வழியாகவும் வீடு தேடி வருகிறது.

வசதிதான். ஆனால் இது சர்க்காரின் சோதனையில் தேறிய சரக்குதானா? அதை எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு டப்பா, இரண்டு கருவி

ஸ்மார்ட் பிளக்குக்குள் இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று, மின்சாரத்தைத் தாங்கும் பிளக். மற்றொன்று, கம்பியில்லாமல் செய்தி வாங்கி அனுப்பும் சிறிய ரேடியோ. பிளக் கெட்டால் ஆபத்து உங்கள் வீட்டுக்கு. ரேடியோ கெட்டால் தொல்லை தெருவுக்கு. ஆகவே இரண்டையும் தனித்தனியே சோதிக்கிறார்கள். சோதிக்கும் இலாகாக்களும் வேறு வேறு.

முதல் முத்திரை

வீட்டு பிளக், சாக்கெட்டுகளுக்கு ஐ.எஸ். 1293 என்று ஓர் இந்தியத் தரம் உண்டு. 250 வோல்ட், 16 ஆம்பியர் வரை உள்ளவற்றுக்கு இது பொருந்தும். முள் என்ன அளவு இருக்க வேண்டும், எவ்வளவு சூடாகலாம், மேல்கூடு வெப்பம் தாங்குமா என்றெல்லாம் சோதிப்பார்கள். தேறினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை. 1947-இல் தொடங்கிய இந்தியத் தர நிறுவனத்தின் பெயர் அந்த முத்திரையில் இன்றும் நிற்கிறது. 1987 முதல் அந்தப் பணியை இந்தியத் தர நிர்ணய அமைப்பு செய்து வருகிறது.

சோதனை எதற்கு? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 ஆம்பியர் பிளக், 230 வோல்ட்டில் 1,380 வாட்தான் தாங்கும். 2,000 வாட் வெந்நீர்க் கருவிக்கோ ஏறக்குறைய 9 ஆம்பியர் வேண்டும். அதைச் சின்னப் பிளக்கில் மாட்டினால் பிளக் உருகும்; தீயும் பிடிக்கலாம்.

மோட்டார் இன்னும் மோசம். ஓடத் தொடங்கும் நொடியில் அது வழக்கத்தைவிட ஐந்து, ஆறு மடங்கு மின்சாரத்தை இழுக்கும். கிணற்று மோட்டாரையும் தறி மோட்டாரையும் இந்த பிளக்கை நம்பி விடாதீர்கள். கோழிக்குஞ்சுக் கொட்டகையில் சூடு தரும் விளக்குக்கும் இதே எச்சரிக்கைதான். ஆள் இல்லாத நேரத்தில் பிளக் எரிந்தால் கேட்பார் யார்?

இரண்டாவது முத்திரை

1950, 60-களில் வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் தபாலாபீசில் பணம் கட்டி லைசென்சு வாங்கினார்கள். பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1980-களில் அந்த லைசென்சு போய்விட்டது.

ஸ்மார்ட் பிளக்கில் உள்ள ரேடியோ பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும். 2005 ஜனவரி முதல், குறைந்த சக்தியுள்ள கருவிகள் இதைப் பயன்படுத்த லைசென்சு தேவையில்லை. ஆனால் விற்கும் மாடலுக்கு ஒப்புதல் வேண்டும். அதுதான் "இ.டி.ஏ." என்னும் கருவி வகை ஒப்புதல். டெல்லியில் தொலைத்தொடர்பு இலாகாவின் வயர்லெஸ் பிரிவு அதை வழங்குகிறது. அன்று லைசென்சு வாங்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. இன்று ஒப்புதல் வாங்கும் பொறுப்பு, செய்பவரும் இறக்குமதி செய்பவரும் சுமப்பது.

எதற்கு இந்தக் கட்டுப்பாடு? வாரச் சந்தையில் ஒரே ஒருவர் ஒலிபெருக்கி வைத்துக் கத்தினால், மற்றவர் வியாபாரம் என்ன ஆகும்? அலைவரிசையும் சந்தை போன்றதுதான். எல்லோரும் அளவோடு பேசினால்தான் எல்லோர் பேச்சும் கேட்கும்.

இங்கேதான் ஏமாறுகிறோம்!

"சர்க்கார் ஒப்புதல் பெற்றது" என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும். எந்த ஒப்புதல்? இ.டி.ஏ. மட்டும் இருந்தால், ரேடியோ சரி என்றுதான் பொருள். அதுவும் செய்தவர் சோதனை அறிக்கையை வைத்துத் தாமே உறுதி கூறிப் பெறுவது. பிளக் சூடு தாங்குமா என்று அது சொல்லாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையோ ரேடியோவைப் பற்றிப் பேசாது. "சி.இ." என்ற எழுத்துக்களைக் கண்டும் மயங்காதீர்கள். அது ஐரோப்பாவுக்கான குறி. இந்திய ஒப்புதல் ஆகாது.

பிடிபட்ட சரக்கு

பெரிய கடை என்றால் பயமில்லை என்று நினைக்கலாமா? 2025 மார்ச் மாதம் டெல்லியில் அமேசான் கிடங்கில் தர நிர்ணய அமைப்பு சோதனை போட்டது. உரிய முத்திரை இல்லாத 3,500-க்கு மேற்பட்ட மின்சாரச் சாமான்கள் பிடிபட்டன. அவற்றின் மதிப்பு சுமார் 70 லட்சம் ரூபாய். அதே மாதம் நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கிடங்குகளிலும் சோதனை நடந்தது.

அதே ஆண்டு மே மாதம் "வாக்கி-டாக்கி" விவகாரம் வந்தது. அலைவரிசை விவரமும் இ.டி.ஏ. ஒப்புதலும் இல்லாமல் அவற்றை விற்பனைக்கு வைத்ததாக, இணைய வணிக நிறுவனங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 நோட்டீசுகள் அனுப்பியது.

நீங்கள் செய்ய வேண்டியது

பிளக்கைத் திருப்பிப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேலே தரத்தின் எண்ணும், கீழே "சி.எம்./எல்." என்று தொடங்கும் லைசென்சு எண்ணும் இருக்க வேண்டும். "பி.ஐ.எஸ். கேர்" என்ற கைபேசிச் செயலியில் அந்த எண்ணை இட்டால், செய்தவர் பெயரும் லைசென்சு உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரியும். பெயர் வேறாக இருந்தால் வாங்காதீர்கள்.

எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். மாடல் எண்ணைச் சொல்லி, இ.டி.ஏ. சான்று உண்டா என்று கடைக்காரரைக் கேளுங்கள். பில் வாங்க மறக்காதீர்கள்.

ஏமாந்துவிட்டீர்களா? 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். பி.ஐ.எஸ். கேர் செயலியிலும் புகார் தரலாம்.

கத்தரிக்காயைக்கூடப் புரட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். வீட்டைக் கொளுத்தக்கூடிய பிளக்கைப் புரட்டிப் பார்க்க வேண்டாமா?