வெயிலில் பங்கு கேட்போம்! ஊர்க் கூட்டு சோலார் நம் கைக்கு வரட்டும்!



சோலார் என்றாலே நம்மாட்களுக்கு ரெண்டு நினைப்புதான் வருது. ஒன்று, மானியத்தில் கிடைக்கும் தனி சோலார் பம்பு. இன்னொன்று, ஊர் நிலத்தை மொத்தமாக வளைத்து கம்பி வேலி போட்ட கம்பெனிக் காடு. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்தது. பிடித்த இடம் சுமார் 2,500 ஏக்கர். அங்கே விளையும் கரண்டுக்கு வருஷா வருஷம் பணம் கம்பெனிக்குப் போகுது. நிலத்தை விற்றவனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு தடவை கிரயம். அதோடு சரி.

இந்த ரெண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று இருக்கு. ஊர்க்காரர்களே கூட்டாகச் சேர்ந்து சோலார் வைப்பது, ஆளுக்கொரு பங்கு எடுப்பது, தேவைக்குப் போக மிச்சக் கரண்டை மின்வாரியத்துக்கு விற்பது. பேச்சுக்கு இனிக்கும், நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கு!

குஜராத்தில் கேடா மாவட்டம், தஸ்ரா தாலுகாவில் துண்டி என்று ஒரு சின்ன ஊர். டீசல் இஞ்சினில் தண்ணீர் இறைத்துக் கடனாளியாகிக்கொண்டிருந்த ஆறு விவசாயிகள் 2016-ல் ஒரு கூட்டுறவு சங்கம் அமைத்தார்கள். பெரிய மிராசுகள் இல்லை, நம்மைப் போன்றவர்கள்தான். ஆறு பேர் பலகைகளையும் சேர்த்தால் 56.4 கிலோவாட். சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம் ஆரம்பச் செலவில் பெரும்பகுதியை ஏற்றது. சங்கத்தோடு அந்தப் பகுதி மின் கம்பெனி 25 வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டது, யூனிட்டுக்கு ரூ.4.63 வீதம். தண்ணீர் பாய்ச்சும் நாளில் கரண்டு மோட்டாருக்கு. பாய்ச்சாத நாளில் கம்பி வழியே மின் கம்பெனிக்கு. பணம் சங்கத்துக்கு வந்து, அவரவர் விற்ற யூனிட்டுக்குத் தக்கபடி பிரித்துக்கொண்டார்கள். பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கும் டீசல் தண்ணீரைவிட மலிவாகத் தண்ணீர் கொடுத்தார்கள். 2018-ல் ஆனந்த் மாவட்டம் முஜ்குவாவிலும் இதே மாதிரி சங்கம் வந்தது. பால் கூட்டுறவு கண்ட மண்ணாச்சே, கூட்டுக் கணக்கு எழுத அவர்களுக்குப் புதுசாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

இப்போ நம்ம காட்டுக்கு வருவோம். மானியத்தில் சோலார் பம்பு வாங்கியவர்களைக் கேளுங்கள். வருஷத்தில் எத்தனை நாள் மோட்டார் ஓடுது? மிஞ்சிப்போனால் 150 நாள். மீதி நாளெல்லாம் பலகை வெயிலில் சும்மா காயுது. 5 எச்.பி. பம்புக்கு 5 கிலோவாட் பலகை. ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலு யூனிட் என்றால் 20 யூனிட். மழை மூட்டத்தைக் கழித்து, மோட்டார் ஓடாத 200 நாள் என்று வைத்தால் 4,000 யூனிட். துண்டி விலைக்குப் போட்டால் ரூ.18,520. நம்மிடம் அந்த விலை தராமல் மூணு ரூபாய்தான் என்று இழுத்தாலும் ரூ.12,000. இவ்வளவும் வருஷா வருஷம் மண்ணோடு போகுது. தனித்தனியாக நிற்பதால், கம்பியோடு சேராமல் நிற்பதால்!

இதில் தண்ணீர் விஷயமும் அடங்கியிருக்கு. காசில்லாத கரண்டு, காசில்லாத வெயில் என்றால் இஷ்டத்துக்கு இறைக்கத்தான் தோணும். ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடிக்கு இறங்கின ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மிச்சப்படுத்தின கரண்டுக்குக் கையில் காசு வரும் என்றால், தேவைக்கு மேல் ஒரு மணி நேரம்கூட மோட்டாரைப் போட மனசு வராது. தண்ணீரைச் சேமி என்று சுவரில் எழுதுவதைவிட இது வேலை செய்யும். இன்னொன்று, சோலார் பகலில் மட்டும்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் லைட்டோடு வரப்பில் போய் பாம்பு கடிபட்ட வீடுகள் நம் ஊர்களில் எத்தனை!

வீட்டுக்கு வருவோம். 2024-ல் மத்திய அரசு கொண்டுவந்த வீட்டுக்கூரை சோலார் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 வரை மானியம். நல்லதுதான். யாருக்கு? சொந்த வீடு, அதில் கான்கிரீட் மாடி, மாடியில் மர நிழல் விழாத இடம், கையில் முன்பணம், இந்த நாலும் உள்ளவனுக்கு. ஓட்டு வீட்டுக்காரன், சிமெண்ட் சீட்டுக்காரன், வாடகைக்கு இருப்பவன், குத்தகைக்கு உழுபவன், கூலிக்குப் போகும் நம்ம சனம் எல்லாம் வெளியே. ஊர்க் கூட்டு சோலாரில் கூரையே தேவையில்லை. ஊர்ப் பொது இடத்தில் ஒரே நிலையம், வீட்டுக்கு ஒரு பங்கு, பங்குக்குரிய யூனிட் அவரவர் பில்லில் கழிவு. தில்லியில் ஒரே நிலையத்தின் யூனிட்டைப் பல வீட்டு பில்லில் கழிக்க 2019-லேயே விதிமுறை போட்டார்கள். தில்லி மாடிக்காரனுக்கு முடியும் என்றால், கிராமத்துக் குடிசைக்காரனுக்கு ஏன் முடியாது?

நம் மாவட்டங்களிலேயே முன்மாதிரி இல்லாமல் இல்லை. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-ல் 350 கிலோவாட் காற்றாலையை ஊராட்சி பேரிலேயே வாங்கி, ஊர்த் தேவை போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றது. கடன் வாங்கித்தான் வாங்கினார்கள். காற்றில் ஊராட்சி செய்ததை வெயிலில் செய்ய என்ன தடை?

நிலம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஒரு மெகாவாட்டுக்கு நாலிலிருந்து அஞ்சு ஏக்கர் வேணும். 2019-ல் மத்திய அரசு கொண்டுவந்த பி.எம். குசும் திட்டத்தின் முதல் பிரிவு, துணை மின் நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் தரிசு வைத்திருக்கும் விவசாயி, விவசாயிகள் குழு, கூட்டுறவு சங்கம், ஊராட்சி ஆகியோர் 500 கிலோவாட்டிலிருந்து 2 மெகாவாட் வரை சோலார் வைக்கலாம் என்று எழுதியது. பயிர் நிலத்தில் பலகையை உயரத் தூக்கிக் கட்டி, கீழே வெள்ளாமை செய்யவும் இடம் கொடுத்தது. காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் கோடிக்கணக்கில் போகும் செலவுக்கு பேங்கில் போய் நின்றால், ஜாமீன் என்ன என்று கேட்கிறான். ரெண்டு ஏக்கர்காரன் எதைக் காட்டுவான்? கடைசியில் கம்பெனி புரோக்கர்தான் ஊருக்குள் வருவான், கிரயம் பண்ணு என்பான். விற்காதீர்கள்! குத்தகைக்கு விட்டாலும் வருஷா வருஷம் உயரும் குத்தகையாக, எழுத்தில், பதிவு செய்து விடுங்கள். மகாராஷ்டிரத்தில் 2023 திட்டத்தில் சோலாருக்கு விட்ட நிலத்துக்கு ஹெக்டேருக்கு வருஷம் ரூ.1.25 லட்சம், அதற்கு மேல் வருஷத்துக்கு 3 சதவீதம் உயர்வு என்று அந்த அரசே நிர்ணயித்தது. இங்கே பேரம் பேசும்போது இந்த நம்பர் உங்கள் நாக்கில் இருக்கட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நாம் ஏமாறக் கூடாது. துண்டி விவசாயிகள் சங்கத்தில் சேரும்போது மானிய மின் இணைப்பு கேட்கும் உரிமையை விட்டுக் கொடுத்தார்கள். அவர்களிடம் அதுவரை இணைப்பே இல்லை, டீசல்தான். நம் நிலைமை வேறு. 1970-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டு, 1972-ல் கோவையை மாட்டு வண்டிகளால் நிறைத்து, 1990-ல் எல்லா விவசாயிக்கும் கிடைத்தது இந்த இலவச மின்சாரம். சோலார் சங்கத்தில் சேர்ந்தாயா, இலவச இணைப்பைத் திருப்பிக் கொடு என்று யாராவது தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். விற்கும் கரண்டை அளக்க மீட்டர் வைக்கட்டும். பாய்ச்சும் கரண்டுக்குக் காசு கேட்கும் மீட்டராக அது மாறக் கூடாது. இந்த வித்தியாசத்தை ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் ஒரு பலகையும் ஏற வேண்டாம்.

அடுத்த கிராம சபையில் எல்லோரும் குடும்பத்தோடு வாங்க, பெண்களும் வரணும். நம் ஊராட்சியில் கூட்டு சோலார் சங்கம் பதிவு செய்ய வேண்டும், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் மூலம் ஜாமீன் இல்லாமல் பங்குக் கடன் தர வேண்டும், மிச்சக் கரண்டுக்கு 25 வருஷ விலை உறுதி வேண்டும், நிலமில்லாத வீட்டுக்கும் ஒரு பங்கு வேண்டும், இலவச மின்சாரத்தில் கை வைக்கக் கூடாது என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதும் வரை உட்கார்ந்து, எழுதினதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். அந்த நகலோடு மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஊருக்குப் பத்துப் பேராவது போவோம்.