நாடா சத்தம்

அக்காவிடமிருந்து போன் வந்தால் இரண்டே காரணம்தான் இருக்கும். ஒன்று, ஆடித் தபசு. இன்னொன்று, பஞ்சாயத்து. இது ஆடி மாதம் இல்லை.

“தம்பி, உடனே பொறப்பட்டு வா. உன் மருமகன் சத்தம் படிக்கப் போறானாம்.”

“சட்டமா? நல்லதுதானேக்கா. நம்ம பக்கம் வக்கீலுக்கு என்னைக்குக் கிராக்கி இல்லாம இருந்திருக்கு?”

“சட்டம் இல்லடா. சத்தம்! ச... த்... தம்!”

போனைக் காதிலிருந்து அரை அடி தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அக்கா வீட்டில் எல்லோருமே கத்தித்தான் பேசுவார்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பொதிகை எக்ஸ்பிரஸில் எப்படியோ ஒரு பெர்த் கிடைத்தது. காலையில் சங்கரன்கோவிலில் இறங்கினால் எல்லாம் போட்டது போட்டபடி இருந்தது. சங்கரநாராயணர் கோயில் கோபுரம், புற்றுமண் வாங்க வந்த வெளியூர்க் கூட்டம், பூ மூட்டைகள், பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கும் கடைப் பையன்கள். 2019-ல் ஊரைத் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரித்துத் தென்காசி மாவட்டத்தில் சேர்த்தார்கள். ஊருக்கு அது தெரிந்த மாதிரியே இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில் அந்தச் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. டக்கடக், டக்கடக். விசைத்தறி. ஊர்க்காரர்கள் காதில் அது விழாது. கரண்ட் போனால்தான், ‘என்னமோ குறையுதே’ என்று நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அத்தான் முப்பது வருஷமாகத் தறியில் நிற்பவர். எட்டுத் தறி ஒரே கூரைக்குள். அந்த மாதிரிக் கூடத்தில் சத்தம் சர்வசாதாரணமாக 90 டெசிபலைத் தாண்டும். 85-க்கு மேல் தினம் 8 மணி நேரம், வருஷக்கணக்கில் என்றால் காதின் உள்ளே இருக்கிற நுண்ணிய மயிர்செல்கள் சாக ஆரம்பிக்கும். தலைமயிர் மாதிரிதான். போனால் போனதுதான், திரும்ப முளைக்காது. முதலில் போவது கீச்சுச் சத்தங்கள். ச, ஸ, த, ப போன்ற எழுத்துக்கள் தேய்ந்து போகும். அத்தானிடம், “மாமா வந்திருக்காங்க” என்றால் புரிந்துகொள்வார். “சட்டையக் கழட்டுங்க, துவைக்கணும்” என்றால், “யாருக்கு மொட்டை?” என்பார். வீடு முழுக்கக் கத்துவது இதனால்தான். கத்தியும் பிரயோஜனமில்லை. அவருக்குக் கேட்காதது வால்யூம் அல்ல, எழுத்து.

அப்படிப்பட்ட மனிதரின் பிள்ளைதான் சத்தம் படிக்கப் போகிறேன் என்கிறான்.

“கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குப் பணம் கட்டி வச்சிருக்கு” என்றாள் அக்கா. “நாளைக்குப் பொண்ணு வீட்டுல மாப்பிள்ளை என்ன பண்றாருன்னு கேட்டா, சத்தம் போடுதாருன்னா சொல்ல முடியும்?”

மருமகனை மொட்டை மாடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கையில் ஒரு பழைய லேப்டாப், கழுத்தில் ஹெட்போன்.

“மைக்செட் கடை வைக்கப் போறியாடா?”

“இல்ல மாமா. எலெக்ட்ரானிக் மியூசிக், சவுண்ட் டிசைன்.”

“அப்படின்னா?”

“கோயில் மணியும் நாதஸ்வரமும் ஒரே சுருதியில கேட்டாலும் உங்களுக்கு வித்தியாசம் தெரியுதுல்ல? எப்படித் தெரியுது?”

“மணி மணி மாதிரி இருக்கும். நாதஸ்வரம் நாதஸ்வரம் மாதிரி இருக்கும்.”

“அதைத்தான் மாமா மூணு நாலு வருஷம் உக்காந்து படிக்கப் போறேன்.”

விளையாட்டாகச் சொல்கிறான் என்று நினைத்தேன். இல்லை. திரையில் ஒரு கோடு போட்டுக் காட்டினான். மணியை அடித்த கணத்தில் சத்தம் முழுசாக எழும்பி, பிறகு சாவகாசமாகத் தேய்கிறது. நாதஸ்வரம் மூச்சு இருக்கிற வரைக்கும் மட்டம் குறையாமல் நிற்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தைக் கையால் வரைந்து மாற்றினால், அதே சுரம் மணியாகவும் கேட்கிறது, குழலாகவும் கேட்கிறது. அடுத்து, ரேடியோவில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் ‘ஸ்ஸ்’ என்று வருமே, அந்த இரைச்சலைப் போட்டான். அதற்கு ஒரு சல்லடை. மாவு சலிக்கிற மாதிரிதான், நாம் வேண்டாம் என்கிற சுருதிகளை நிறுத்திவிடும். சல்லடையின் கண்ணை மெள்ள மாற்றினான். திருச்செந்தூர் அலை வந்தது. இன்னும் மாற்றினான், குற்றாலத்துச் சாரல் காற்று. சங்கரன்கோவில் வெயிலில் உட்கார்ந்துகொண்டு எனக்குக் குளிர்ந்ததே, அதுதான் சவுண்ட் டிசைனாம்.

சினிமாவில் இந்தப் பட்டம் 1979-ல் ‘அபோகலிப்ஸ் நவ்’ என்ற படத்தில்தான் பேர் வாங்கியது. வால்ட்டர் மர்ச் என்பவர் அதில் ஹெலிகாப்டர் இறக்கையின் சத்தத்தையே செயற்கையாகச் செய்து, தியேட்டரைச் சுற்றி வரவிட்டார்.

“இதையெல்லாம் காலேஜ்ல வச்சா சொல்லித் தருவாங்க?”

“கண்டுபிடிச்சதே காலேஜ்லதான் மாமா” என்று ஒரு கதை சொன்னான். 1967-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்று ஒருவர். இன்ஜினியர் இல்லை, இசை படித்தவர். நம் வித்வான்கள் ஒரு சுரத்தை அசைத்துப் பாடுகிறார்களே, அந்த மாதிரி கம்ப்யூட்டரில் ஒரு சுரத்தை ஆட்டிப் பார்த்தார். விநாடிக்கு ஐந்தாறு தடவை ஆட்டினால் குரல் நடுங்குவது போல இருக்கும். இருபது, முப்பது, நூறு என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் காது ஆட்டத்தைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது. பதிலாக வேறொரு வாத்தியம் கேட்கிறது! இந்தச் சூட்சுமத்தைப் பல்கலைக்கழகம் யமஹா கம்பெனிக்குக் கொடுக்க, 1983-ல் டி.எக்ஸ்.7 என்ற கீபோர்டு வந்தது. எண்பதுகளின் பாட்டுகளில் கண்ணாடி மாதிரிக் கிணுகிணுவென்று ஒரு சத்தம் வருமே, அது. பல்கலைக்கழகத்துக்கு 2 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. (இடையில் அதே பல்கலைக்கழகம் சௌனிங்குக்கு நிரந்தர வேலை கிடையாது என்று அனுப்பிவைத்துவிட்டு, பிற்பாடு திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. இந்தப் பகுதியை அக்காவிடம் சொல்லவில்லை.)

“சரி, அதெல்லாம் அமெரிக்காக்காரன் சமாச்சாரம்...”

“அகமதாபாத்லயே 1969-ல இருந்துச்சு மாமா.”

எனக்கு இது புதுசு. அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் இருக்கிறதல்லவா, நாற்காலியும் துணி டிசைனும் சொல்லித் தருகிற இடம். அங்கே டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக்காரர் வந்து, ‘மூக்’ சிந்தசைஸர் ஒன்றை நிறுவி ஒரு ஸ்டுடியோவையே அமைத்தார். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி, துளைக்குத் துளை வயர் சொருகினால்தான் அதில் சத்தம் பிறக்கும். இதற்கு ஊக்கம் தந்தவர் கீதா சாராபாய். 1946-லேயே நியூயார்க் போய் ஜான் கேஜ் என்ற பெரிய கைக்கு நம் சங்கீதத்தைச் சொல்லிக்கொடுத்து, பதிலுக்கு அவர்கள் ஊர் சங்கீதத்தைக் கற்றுக்கொண்டவர். அவரும், ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, கட்டடக்கலை மாணவரான ஜின்ராஜ் ஜோஷிபுரா என்று சிலரும் அந்த அறையில் உட்கார்ந்து, அதுவரை யாரும் கேட்டிராத சத்தங்களைச் செய்து நாடாவில் பதிந்தார்கள். (நாடா என்றால் ஒலிநாடா. எங்கள் ஊரில் நாடா என்றால் தறிக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற கட்டை.)

1972-ஓடு சரி. நாடாக்கள் ஆவண அறைக்குப் போயின. பல வருஷம் கழித்து பால் பர்கஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்கலைஞர் தேடிப் போய்க் கண்டெடுத்து, 2023-ல்தான் அவை இசைத்தட்டாக வெளியாயின. மருமகன் ஒரு துண்டு போட்டுக் காட்டினான். எனக்கு அது பிடித்தது என்று சொன்னால் பொய். ஆனால் வயிறு எரிந்தது. இயந்திரம் வந்தது, சொல்லித் தர ஆள் வந்தார், கற்றுக்கொள்ள ஆளும் இருந்தது. அந்த அறையிலேயே ஒரு பாடத்திட்டம் போட்டு, வருஷம் பத்துப் பிள்ளைகள் என்று விடாமல் நடத்தியிருந்தால்? பெட்டியை வாங்குவதில் நாம் சூரர்கள். அதன் பக்கத்தில் வருஷா வருஷம் ஒரு வாத்தியாரை உட்கார வைப்பதில்தான் தகராறு.

இருபது வருஷம் கழித்து, 1992-ல் ‘ரோஜா’ வந்தது. எங்கள் மைக்செட் அண்ணாச்சி ஆம்ப்ளிஃபயரின் எல்லாக் குமிழையும் திருகிப் பார்த்துவிட்டு, “பாட்டுக்குள்ள பள்ளம் பள்ளமா எடம் இருக்குவே, நம்ம குழாய் ஸ்பீக்கர் தாங்காது” என்றார். இன்றுவரை ரஹ்மானைப் பற்றி நான் கேட்ட சிறந்த விமரிசனம் அதுதான். ரஹ்மான் வீட்டின் பின்புறம் சொந்தமாக ஸ்டுடியோ கட்டிக் கற்றுக்கொண்டார். சங்கரன்கோவிலில் தறிக்காரர் வீட்டின் பின்புறம் ஆட்டுக்குத்தான் இடம் இருக்கிறது. அதனால்தான் பையன் கல்லூரி தேடுகிறான்.

இப்போது வழி இருக்கிறது. ரஹ்மானே 2008-ல் சென்னையில் இசைப் பள்ளி தொடங்கி, இசைத் தொழில்நுட்பமும் சொல்லித் தருகிறார்கள். புனே திரைப்பட நிறுவனத்தில் சவுண்ட் படித்த ரசூல் பூக்குட்டி 2009-ல் ஆஸ்கரே வாங்கி வந்தார். மருமகன் கண் வைத்திருப்பது தரமணியில், அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தின் ஒலிப்பதிவுப் பட்டப்படிப்பு. அரசாங்கம் நடத்துவதால் அப்பா தலையில் பெரிய கடன் விழாது என்பது அவன் கணக்கு.

வேலை நிச்சயமா என்று கேட்டேன். “இல்ல மாமா” என்றான் நேராக. இந்த நேர்மை எந்தக் கல்லூரி விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை.

“இதை யாருக்குமே போட்டுக் காட்டல” என்று கடைசியாக ஒன்றைத் திறந்தான். அப்பாவின் தறிக்கூடத்தில் போன வாரம் பதிவு செய்தது. எட்டுத் தறியையும் தனித்தனியாக எடுத்து, அடுக்கி, ஆறு நிமிஷம். ஒரு தறி மட்டும் தாளத்தில் கொஞ்சம் நொண்டுகிறது. டக்கடக், டக்... கடக். அதையே ஆதாரமாக வைத்து மொத்தப் பாட்டையும் கட்டியிருந்தான். நன்றாகவே இருந்தது.

“அப்பாவுக்குக் கேக்கணும் மாமா. அவுகளுக்குக் கீச்சு விழாதுன்னு எல்லாத்தையும் ஒரு ஸ்தாயி கீழ எறக்கி வச்சிருக்கேன். ஆனா போடத்தான் ஸ்பீக்கர் இல்ல.”

மைக்செட் அண்ணாச்சியிடம் போனேன். ‘யாருக்கு விசேஷம்?’ என்று கேட்டார். பேஸ் பாக்ஸ் இரண்டு வந்தது, வாடகை வேண்டாமென்றுவிட்டார். பக்கத்து வீட்டார் சடங்கு வீடு என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள்.

தறிக்கு லீவு நாள். அத்தான் சாப்பிட்டுவிட்டு ஈஸிசேரில் இருந்தார். பாக்ஸ் அதிர்ந்தது. முதலில் சுவரைப் பார்த்தார். அப்புறம் எழுந்து வந்து, பாக்ஸின் வலை மேல் உள்ளங்கையை வைத்தார். அக்கா வாயைத் திறந்தாள், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். ஆறு நிமிஷமும் அத்தான் கையை எடுக்கவில்லை.

“நம்ம கூடம்லா இது” என்றார்.

பையன் தலையாட்டினான்.

“மூணாம் தறில பிக்கர் தளந்திருக்கு. நாடா சரியா வந்து ஒக்கார மாட்டேங்கு. இதக் கேட்டுக்கிட்டா சும்மா இருந்த?”

“அதுதாம்ப்பா பாட்டே!”

அது அவருக்குக் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினார். “எந்த ஊர்ல மாப்ள படிப்பு?”

“மெட்ராஸ், அத்தான்.”

“ம்” என்றவர், ஜன்னல் மேலிருந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். லீவு நாளென்று அக்கா கத்தியதையும் காதில் வாங்கவில்லை. மருமகன் ஹெட்போனை அள்ளிக்கொண்டு பின்னாலேயே தெருவில் ஓடினான்.

“யப்பா, நில்லுங்க! முடுக்குறதுக்கு முன்னால இன்னொரு தடவை ஓடவிட்டு எடுத்துக்கிடுதேன்!”