வாசல் தேடி வந்த கடன்

கடன் கொடுப்பவர் நம் வாசல் தேடி வந்து, "அம்மா, பணம் வேண்டுமா?" என்று கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கதவைத் தாழிட்டுக் கொள்வீர்கள். கதவே இல்லாத வீட்டுக்காரி என்ன செய்வாள்?

2009 மே மாதம் இலங்கையில் யுத்தம் முடிந்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவு ஜனங்கள் முகாம்களிலிருந்து ஊர் திரும்பினார்கள். கூரை இல்லை, மாடு இல்லை, படகு இல்லை. எத்தனையோ வீடுகளில் புருஷனும் இல்லை. அந்தச் சமயத்தில்தான் நுண்கடன் கம்பெனிகள் வந்து சேர்ந்தன. ஈடு வேண்டாம், நகை வேண்டாம் (பலருக்கு அது முன்பே போயாயிற்று!). அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர் கூடி, ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்றால் போதும்.

நல்ல ஏற்பாடுதானே என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கடன் 10,000 ரூபாய். வட்டி நூற்றுக்கு 20. வாரம் 240 ரூபாய் வீதம் 50 வாரத்தில் தீர்க்க வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். ஆறு மாதத்துக்குள் பாதி முதலைத் திருப்பிக் கொடுத்து விடுகிறாள். வட்டி மட்டும் முழுப் பத்தாயிரத்துக்கும்! உண்மையான வட்டி ஏறக்குறைய 40 ஆகிவிடுகிறது. இது சாதுவான கணக்கு. 2018-ல் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, சில கடன்களுக்கு வட்டி 220 சதவிகிதம் வரை போவதாகச் சொன்னார்.

வட்டியை விடப் பொல்லாதது தவணை. கோழிக்குஞ்சு வாங்கக் கடன் என்றால், குஞ்சு வளர்ந்து முட்டையிட ஐந்து மாதமாவது ஆகும். தவணைக்காரரோ அடுத்த வாரமே வந்து நிற்கிறார்! அவருக்குக் கொடுக்க இன்னொரு கம்பெனியிடம் கடன். அதைத் தீர்க்க மூன்றாவது கம்பெனி. ஒருத்தி தவறினால் ஜாமீன் நின்றவர்கள் தலையில் விடியும். ஷெல்லுக்குப் பயந்து ஒரே பதுங்கு குழியில் ஒடுங்கிக் கிடந்தவர்களுக்குள் மனஸ்தாபம் வர வேறென்ன வேண்டும்? பாஸ்னியாவிலும் இதே கதைதான். அங்கே யுத்தம் 1995-ல் முடிந்தது; 2008-ஐ ஒட்டி ஒரே ஆள் பல இடத்தில் கடன் வாங்கித் திண்டாடினார்.

இலங்கை அரசாங்கம் 2016-ல் சட்டம் போட்டது. 2018-ல், வறட்சி பாதித்த 12 ஜில்லாக்களில் பெண்கள் வாங்கிய, தவணை தவறிய ஒரு லட்சத்துக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. அப்படியும் தீரவில்லை. 2021-ல் ஹிங்குராக்கொடையில் சிங்களக் கிராமத்துப் பெண்கள் 50 நாட்களுக்கு மேல் சத்யாக்கிரகம் இருந்தார்கள். கடனுக்கு ஜாதி, பாஷை தெரியாது போலும்!

தள்ளுபடி சரி, அடுத்த மாதம் பிள்ளைக்குப் புஸ்தகம் வாங்க அவள் யாரிடம் போவாள்? இங்கேதான் அந்த நாட்டின் பழைய ஏற்பாடு ஒன்று எனக்குக் கண்ணில் படுகிறது. அங்கே கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1911-லேயே வந்துவிட்டது. யாழ்ப்பாணத்து மூளாயில் 1936 முதல் கூட்டுறவு ஆஸ்பத்திரியே நடந்தது! சிக்கன, கடனுதவிச் சங்கத்தில் அங்கத்தினர் முதலில் சேமிக்கிறார்கள், பிறகு அந்தப் பணத்தில் கடன் வாங்குகிறார்கள். வட்டி வெளியூர் கம்பெனிக்குப் போகாமல் சங்கத்துக்கே திரும்புகிறது. அறுவடைக்குப் பின் தவணை வைத்துக் கொள்ளவும் அவர்களே தீர்மானிக்கலாம். யுத்தம் நொறுக்கிய இந்தச் சங்கங்களுக்கு முதல் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்பேன்.

கூட்டுறவு என்றதும், "அங்கே மட்டும் சுரண்டல் இல்லையா?" என்று முகம் சுளிக்கிறீர்கள். நியாயம்தான். பணத்தோடு கணக்கெழுதும் பயிற்சியும் அந்தப் பெண்களுக்குக் கொடுக்க வேண்டும். வருஷம் தவறாமல் வெளித்தணிக்கை வேண்டும். மாதக் கூட்டத்தில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று உரக்கப் படிக்க வேண்டும், காரியதரிசியின் பாக்கி உள்பட!