மென்டில் வலையும் மணிக்கூட்டு முள்ளும்

சகோதரிகளே, பெற்றோமக்ஸ் விளக்கை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். யுத்த காலத்தில் மின்சாரம் அறுந்து கிடந்தபோது காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் கலியாண வீடுகளுக்கு வெளிச்சம் தந்தது அதுதான். மட்டக்களப்பு வாவியில் இரவில் இறால் பிடிக்கப் போன தோணிகளிலும் அதுவே எரிந்தது. அதன் நடுவில் ஒரு சின்ன வலைப்பை தொங்குமே, மென்டில், அதை முதல் தடவை கொளுத்தியதும் நூல் எல்லாம் எரிந்து சாம்பலாகிவிடும். பிறகு வெளிச்சம் தருவது அந்தச் சாம்பல்தான். விரல் பட்டால் உதிரும். இந்த மாதம் நான் பேச வந்தது அந்தச் சாம்பலின் கதையை.

பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பார்த்தால் விலைமதிப்பீடு படிப்பவர் ஒரு கட்டிடத்தில் இருப்பார். அணுவின் கருவை ஆராயும் பௌதிகக்காரர் இன்னொன்றில். மனித உடல் எப்படி இயங்குகிறது என்று பார்க்கும் உடற்றொழிலியல்காரர் மருத்துவ பீடத்தில். ஒருவர் எழுதுவதை மற்றவர் படிப்பது அரிது. ஆனால் ஒரே பொருள் இந்த மூன்று கட்டிடங்களுக்குள்ளும் நுழைந்து வந்த வரலாறு உண்டு. அதில் நம் இலங்கைக்கும் பங்கிருக்கிறது.

மென்டில் வலையை உருவாக்கியவர் ஒஸ்திரியா நாட்டு இரசாயனவியலாளர் அவ்வர் பொன் வெல்ஸ்பாக். 99 பங்கு தோரியம் ஒட்சைட்டு, 1 பங்கு சீரியம் ஒட்சைட்டு என்ற கலவையை 1891இல் அவர் கண்டுபிடித்ததும் அது உலகமெங்கும் விற்றது. தோரியம் கதிர் வீசும் பொருள் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அது தெரிய வந்தது 1898இல். ஷ்மிட் என்ற ஜெர்மானியரும் மேரி கியூரி அம்மையாரும் தனித்தனியே கண்டு சொன்னார்கள். ஏழு வருடமாக வீட்டுக்குள் எரிந்துகொண்டிருந்த பிறகு!

விளக்கு விற்க விற்கத் தோரியம் உள்ள மண்ணுக்கும் கல்லுக்கும் விலை ஏறியது. 1904இல் சப்ரகமுவவில், மாணிக்கம் தேடி அரிக்கும் சரளைக்குள் கிடந்த கனத்த கருங்கல் ஒன்றை ஆனந்த குமாரசுவாமி கவனித்தார். பின்னாளில் கலை ஆய்வாளராக உலகப் புகழ் பெற்ற அதே குமாரசுவாமிதான். கொழும்பில் பிறந்தவர், தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் மகன். அப்போது இலங்கைக் கனிய ஆய்வுப் பகுதியின் தலைவராக இருந்தார். அந்தக் கல்லில் பாதிக்கு மேல் தோரியம். தோரியனைற் என்று பெயர் வைத்தார்கள்.

அந்த இலங்கைக் கல்லிலிருந்து பிரித்த உப்பு லண்டனில் பேராசிரியர் ராம்சேயின் ஆய்வுகூடத்துக்குப் போயிற்று. அங்கே ஆங்கிலம் பழக வந்திருந்த ஒட்டோ ஹான் என்ற ஜெர்மன் இளைஞரிடம், இதிலிருந்து ரேடியத்தைப் பிரித்துத் தாரும் என்று கொடுத்தார் ராம்சே. ஹான் கண்டது ரேடியத்தை மட்டுமல்ல, 1905இல் ரேடியோதோரியம் என்ற புதுப் பொருளையும் கண்டார். கம்பனி வேலைக்குப் போக இருந்தவர் அத்தோடு ஆராய்ச்சிக்கே வந்துவிட்டார். 1938 டிசம்பரில் யுரேனியத்தின் கரு பிளவதைக் கண்டறிந்தவர் இவரும் ஸ்ட்ராஸ்மன் என்பவரும். நடந்தது கருப்பிளவுதான் என்று விளக்கிச் சொன்னவர்கள் லிஸே மைட்னர் அம்மையாரும் அவருடைய சகோதரியின் மகன் பிரிஷும். ஹானோடு முப்பது வருடம் ஒன்றாக உழைத்த பெண் அவர். நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் போனது. அது தனிக் கட்டுரைக்குரிய கதை.

1907இல் ஹான் இன்னொன்றையும் கண்டார், மீசோதோரியம். இதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 5.7 வருடம். அதாவது அந்தக் காலத்தில் அளவு பாதியாகும், அதே காலம் மீண்டும் கழிந்தால் காலாகும். மென்டில் தொழிற்சாலைகள் தோரியத்தை எடுத்துவிட்டு ஒதுக்கிய கழிவுக்குள் இது கிடந்தது. நேற்றுவரை குப்பை, இன்று சொத்து! ரேடியத்தின் வேலையைச் செய்யும், விலையோ குறைவு. ரேடியம் என்ன விலை விற்றது தெரியுமா? 1921இல் மேரி கியூரிக்கு ஒரே ஒரு கிராம் ரேடியம் பரிசளிக்க அமெரிக்கப் பெண்கள் சேர்த்த பணம் 100,000 டொலர்.

அதே ஆண்டுகளில் அதே அமெரிக்காவில், நியூ ஜேர்ஸி மாநிலத்தின் ஒரேஞ்ச் என்ற ஊரில், வேறு சில பெண்கள் ரேடியத்தோடு வேலை செய்துகொண்டிருந்தார்கள். இருட்டில் ஒளிரும் கைக்கடிகாரங்களுக்கு எண் எழுதும் வேலை. பலர் பதின்ம வயதுப் பிள்ளைகள். எழுதிய முகப்புகளின் கணக்குக்கு ஏற்பக் கூலி. தூரிகையின் நுனி கூராக இருக்க வேண்டும் என்று அதை உதட்டில் வைத்துக் கூராக்கப் பழக்கினார்கள். சாயத்தில் ரேடியம், பிறகு மலிவான மீசோதோரியமும் சேர்ந்தது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை உதட்டில் பட்டிருக்கும், நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இங்கேதான் உடலின் கதை வருகிறது. ரேடியம் கல்சியத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. உடலுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். குடலில் உறிஞ்சப்பட்டதில் ஒரு பங்கைக் கல்சியம் என்று நம்பி எலும்பில் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்தும். பிள்ளைக்குப் பாலிலும் நெத்தலியிலும் நாம் தேடிக் கொடுக்கும் சத்தை எலும்பில் சேர்க்கும் அதே வழிதான். அங்கிருந்துகொண்டு அது அல்பா துணிக்கைகளை வீசும். அல்பாவுக்கு வெளியே வலு இல்லை, ஒரு கடதாசி தடுத்துவிடும், நம் தோலே தடுத்துவிடும். உள்ளே போய்விட்டால் தடுக்க எதுவும் இல்லை, பக்கத்துக் கலங்களை நேரே தாக்கும். அந்தப் பெண்களுக்குப் பல் விழுந்தது, தாடையெலும்பு அழுகியது, இரத்தம் வற்றியது. 1925இல் மருத்துவர் ஹரிசன் மார்ட்லண்ட் அவர்களின் மூச்சுக்காற்றிலேயே கதிர்வீச்சை அளந்து காட்டினார். அதுவரை வேறு வியாதிகளின் பெயர் சொல்லித் தட்டிக் கழித்திருந்தார்கள்.

ஐந்து பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1928இல் சமரசம் ஆனது. தலைக்கு 10,000 டொலர், வருடத்துக்கு 600 டொலர், வைத்தியச் செலவு. 1921ஆம் ஆண்டு விலையோடு ஒப்பிட்டால் முன்பணமாக ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியத்தின் பெறுமதி. எனக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது மனம் கனத்தது. கம்பனியின் கணக்குப் புத்தகத்தில் ரேடியம் சொத்துப் பக்கத்தில் இருந்தது. அந்தப் பிள்ளைகளின் எலும்பு எந்தப் பக்கத்திலும் இல்லை.

பின்பு றொப்லி எவன்ஸ் என்ற பௌதிகவியலாளர் இத்தகைய பெண்களின் உடலில் எஞ்சியிருந்த ரேடியத்தை அளந்தார். அந்த அளவுகளை வைத்து 1941இல் ஒரு வரம்பு வகுக்கப்பட்டது. உடலில் 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் ரேடியம் இருக்கக்கூடாது. அப்படியானால் அந்த ஒரு கிராம், ஒரு கோடிப் பேரின் வரம்பு!

இனி நம் கரைக்கு வருவோம். மென்டிலுக்குத் தேவையான தோரியம் மொனசைற் என்ற மணலில் உண்டு. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கரையில் இல்மனைற், ரூற்றைல், சேர்க்கன் ஆகியவற்றோடு மொனசைற்றும் சிறிதளவு கலந்து கிடக்கிறது. அந்த மணலுக்காக 1957இல் அரசு ஒரு கூட்டுத்தாபனம் அமைத்தது. அண்மைய ஆண்டுகளில் வாகரை, கதிரவெளிப் பக்கமும் தெற்கே திருக்கோவிலிலும் இல்மனைற் அகழ்வதற்கு ஊர் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

கரு மணல் என்றாலே புற்றுநோய் என்று பயம் காட்டுவோர் உண்டு. அது சரியல்ல. கேரளத்தில் கருநாகப்பள்ளிக் கரையில் மொனசைற் மிக அதிகம், மக்கள் தலைமுறை தலைமுறையாக அதன் மேலே வாழ்கிறார்கள். ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009இல் வெளியானது. அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. மணலில் நடப்பது ஒன்று, அதை உலர்த்திப் பிரிக்கும் இடத்தில் தூசியை நாள் முழுதும் மூச்சில் இழுப்பது வேறு. வீட்டில் மென்டில் இருந்தால் அதற்கும் இதே நியாயம்தான். புது வலையை முற்றத்தில் வைத்துக் கொளுத்துங்கள், அந்தப் புகையில் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள். உடைந்த சாம்பலை ஊதாமல் ஈரத் துணியால் ஒற்றி எடுத்துக் கட்டிப் போட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள். தோரியம் சேராத வலைகளும் இப்போது வருகின்றன.

மணலுக்கு விலை போடுவது எளிது. தொன் ஒன்றுக்கு இத்தனை டொலர் என்று வெளிநாட்டுச் சந்தை சொல்லிவிடும். காணி என்றால் விலைமதிப்புத் திணைக்களம் உண்டு, உறுதி வைத்திருப்பவருக்கு நட்டஈடு கேட்க வழி உண்டு. கடற்கரை அரசின் நிலம், அதற்கு யாரிடமும் உறுதி இல்லை. அங்கே கருவாடு காயப் போடும் பெண்ணின் வருமானம், கரைவலைத் துறை, மணல் மேடு காத்து நிற்கும் நன்னீர்க் கிணறு, இவை எந்தப் பத்தியில் எழுதப்படும்? அகழ்வுக்கு முன் சுற்றாடல் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது பிரதேச செயலகத்துக்குப் போய் அதைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். படித்த மகள் வீட்டில் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். தூசியை யார் அளப்பது, தொழிலாளியின் நெஞ்சை வருடத்துக்கு எத்தனை தடவை பரிசோதிப்பது, கிணற்று நீரை அகழ்வுக்கு முன் அளந்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள். முன்பே அளக்காத கிணற்றைப் பற்றிப் பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது.